ஜஃப்னா மங்கோ

இருங்கோ தம்பி, எழும்பாதேங்கோ. நானும் ஏறேக்கை பாத்திட்டன், பின்னுக்கும் ஒரு இடமும் இல்லை. வெள்ளிக்கிழமைப் பின்னேரம் டொரொண்டோ பஸ் இப்பிடித்தான். உங்களுக்குத் தடிமனோ, மூக்கடைப்போ? லேஞ்சியை மூக்கிலையிருந்து எடுக்கிறியளில்லை. பரவாயில்லை, வைச்சுக்கொண்டிருங்கோ. இந்தக் குளிர் முதல் வருஷம் எல்லாரையும் ஒரு ஆட்டு ஆட்டித்தான் விடும். நீங்கள் போனிலை தமிழ் கதைச்சது கேட்டுத்தான் நான் இஞ்சை வந்து இருந்தனான். எந்த ஊர்? பொள்ளாச்சியோ! நல்லது, நல்லது.

என்ரை பேர் சோதிலிங்கம். வேலையிடத்திலை லிங் எண்டுவாங்கள். பேரை மட்டும் பாத்த ஒருத்தன் என்னைச் சீனாக்காரன் எண்டு நினைச்சவன். லெமிங்டனிலை வேலை, டொரொண்டோவிலை ஸ்காபரோப் பக்கம் குடும்பம். கிழமையிலை அஞ்சு நாள் அங்கை, ரெண்டு நாள் வீட்டை. நாளைக்குப் பேரனுக்கு முப்பத்தொண்டு. உங்கடை பக்கம் என்ன வழக்கமோ தெரியாது, எங்களிலை பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள்தான் துடக்கு, அதுதான் தீட்டு, கழிக்கிறது. ஐயர் வருவார், பேர் வைப்பினம், தொட்டிலிலை போடுவினம். நான் அம்மப்பா. பிள்ளையை மடியிலை வைச்சிருக்கவேண்டிய ஆள் நான். என்ன சொல்லுங்கோ, இண்டைவரைக்கும் அந்தப் பிள்ளையை நான் தூக்கேல்லை. ஒருக்காவும் தூக்கேல்லை தம்பி.

எல்லாம் மருமகன்ரை வேலை. கஜீபன் எண்டு பேர். கெட்டவன் எண்டு சொல்லமாட்டன், ஆனா சரியான சுத்தக்காரன். பிள்ளை பிறந்த அண்டைக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போறன், வாசல்லை கையை நீட்டி மறிக்கிறான். மாமா, அங்கையே நிண்டு பாருங்கோ எண்டான். எட்டத்திலை நிண்டு ஒரு துணிப்பொட்டலத்தைப் பாத்தன். அடுத்த சனி வீட்டை போறன், பிள்ளைக்குச் சளியாம். அதுக்கடுத்த சனி, ஊசி போட்டதாம், ஆரும் தொடக்கூடாதாம். நான் என்ன தெருவாலை போறவனே? என்ரை மனுசி தவமலர் பிள்ளைப்பெறு பாக்கவெண்டு அங்கைதான் நிக்கிறா. அவவாவது ஒரு வார்த்தை சொல்லலாம்தானே, அவர் தூக்கட்டும் எண்டு. அவ நிலத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறா. நாளைக்கு மட்டும் விடமாட்டன். ஐயர் முன்னாலை, சபை முன்னாலை, என்ரை பேரனை என்ரை மடியிலை தந்துதான் ஆகோணும்.

முன்சீட்டு மனுசியைப் பாத்தியளே? ரெண்டாந்தரமும் திரும்பிப் பாக்கிறா. நாங்கள் தமிழ் கதைக்கிறது அவவுக்குப் பிடிக்கேல்லை. சில சனம் அப்பிடித்தான். நீங்கள் ஒண்டும் யோசியாதேங்கோ.

என்ன வேலையெண்டு கேட்டனீங்கள். எல்லாருக்கும் தக்காளிப்பழம் எண்டுதான் சொல்லுறது. பொய்யில்லை, தக்காளிக்குத்தான் போனனான். கண்ணாடிக்கூடம் எண்டா சும்மா இல்லை, ஒரு தொங்கலிலை நிண்டு பாத்தா மற்றத் தொங்கல் தெரியாது. கனடாவிலை பனி கொட்டும், உள்ளுக்கை சேட்டோடை நிண்டு பழம் ஆயலாம். வெள்ளிக்கிழமை வரேக்கை ரெண்டு பெட்டி கொண்டந்து, சனிக்கிழமை கோயில் மடப்பள்ளியிலை இறக்குவன். சோதியண்ணையின்ரை தக்காளி எண்டா ஊர்ச்சனத்துக்கு ஒரு மதிப்பு. அந்தப் பேரோடை நான் செத்திருக்கலாம்.

பிறகு பீட்டர், அவன்தான் முதலாளி, ஒருநாள் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னான், இனித் தக்காளி இல்லை, வேறை பயிர், அரசாங்கம் அனுமதி தந்திட்டுது எண்டு. நீங்கள் ஆரெண்டு எனக்குத் தெரியாது, நான் ஆரெண்டு உங்களுக்குத் தெரியாது, அதாலை சொல்லுறன். கஞ்சா. உதுக்கேன் இப்பிடி முழுசுறியள்? இஞ்சை சட்டப்படிதான். கடையிலை பெட்டியிலை போட்டு, பில் அடிச்சுக் குடுக்கிறாங்கள். ஆனா அதைக் கொண்டுபோய் எங்கடை சனத்துக்குச் சொல்லேலுமோ? தேர்த்திருவிழாவிலை தேருக்கு முன்னாலை தேங்காய் உடைக்கிற ஆள் நான்.

அண்டைக்கே விட்டிட்டு வந்திருக்கலாம் எண்டு கேப்பியள். எங்கை வாறது? அறுவது வயசு. இங்கிலிஷ் அரைகுறை. எனக்குத் தெரிஞ்சது செடி ஒண்டுதான். கனபேரை நிப்பாட்டினவன், என்னை மட்டும் வைச்சிருந்தான். ஏன் தெரியுமோ? மூக்கு. என்ரை மூக்கு தம்பி! தக்காளி இலையிலை பூஞ்சணம் பிடிக்க முதலே மணத்திலை சொல்லிப்போடுவன். அதைப் பீட்டர் கவனிச்சிருக்கிறான். லிங், நீ எங்களுக்கு மணந்து சொல்லு எண்டான்.

உள்ளுக்கை போய்ப் பாக்கோணும் நீங்கள். முந்தி வெயில் விழுந்த கூடத்தை அறை அறையா அடைச்சுப்போட்டாங்கள். யன்னல் இல்லை. விளக்குத்தான் சூரியன். அது எரிஞ்சா பகல், நூந்தா இரவு. கதவுக்குக் கதவு அட்டை காட்டோணும். மூலைக்கு மூலை கமரா. வெள்ளை உடுப்பு, தலைக்கு வலை, கைக்கு உறை. வெளியிலை வரேக்கை சப்பாத்தைக் கூடக் கழட்டிப் பாப்பாங்கள். ஊரிலை சோதனைச்சாவடி பாத்த ஆள் நான், அதிலை ஆமிக்காரனைக் கும்பிட்டாவது வெளியிலை வரலாம். இதுக்குள்ளை சில நாள் மத்தியானமோ இரவோ எண்டு தெரியாமல் நிண்டு அழுதிருக்கிறன். ஆருக்குச் சொல்லுறது? நான் தங்கிற அறையிலை கூட இருக்கிறது டெஸ்மண்ட் எண்டு ஒரு ஜமேக்காக்காரன். அவனும் அதே வேலை.

ஆனா அந்தச் செடியிலை குறை சொல்லமாட்டன். குறிப்பா பதினேழாம் நம்பர். அது ஒரு கலப்பு. தாய் ஆப்கானிஸ்தான் மலைப்பக்கத்தாள். கட்டை, தடிச்ச இலை, கெதியாப் பூத்திடுவாள். அப்பன் ஆர் தெரியுமோ? உங்கடை பக்கம்தான்! சிரியாதேங்கோ. பொள்ளாச்சிக்கு அங்காலை மலையேறினா இடுக்கி வருமாமே, அந்தப் பக்கத்திலையிருந்து ஆரோ ஒரு வெள்ளைக்காரன் முந்தி ஒரு காலத்திலை விதை கொண்டுபோனவனாம். பீட்டர் சொன்ன கதை, மெய் பொய் அவனுக்குத்தான் வெளிச்சம். அப்பன்காரன் நெட்டை, மெல்லிய இலை, பூக்கிறதுக்குச் சரியான பஞ்சி, சோம்பேறி. ரெண்டையும் சேத்து வந்த கண்டுகளுக்குள்ளை ஆகத் திறமானது பதினேழு. இப்ப அவளைத் தாய்ச்செடியா ஒரு தனி அறையிலை வைச்சு, கிளை வெட்டி வெட்டித்தான் மற்றதெல்லாம் நடுறம். அப்பன் தேவையில்லை. தற்செயலா ஒரு ஆண்செடி தலையைக் காட்டினா உடனை பிடுங்கிப் பைக்குள்ளை கட்டி எறிஞ்சுபோடோணும். அதின்ரை மகரந்தம் பட்டா அறை முழுக்க விதை பிடிச்சுப் பூவெல்லாம் பழுதாப் போயிடும். அந்த வேலையும் என்னட்டைத்தான்.

நான் வாயிலை வைச்சதில்லை, சத்தியமா. டெஸ்மண்ட் சொல்லுவான். முதல் தலை மேலை போகுமாம். கதை வரும், சிரிப்பு வரும், கண்டபடி பசிக்கும். அது அப்பன்ரை குணம். பிறகு கால் கனக்கும், கதிரையை விட்டு எழும்ப மனம் வராது. அது தாயின்ரை குணம். கூடிப்போனா நெஞ்சு படபடக்குமாம், எல்லாரும் தன்னைத்தான் பாக்கினம் எண்டு பயம் பிடிக்குமாம். காசு குடுத்துப் பயப்பிடுறாங்கள், பாருங்கோவன்.

முதன்முதல் காயவைச்ச பூவைப் போத்திலிலை போட்டுத் தந்து, மணந்து சொல்லு எண்டாங்கள். பெரிய மேசை, சுத்திவரப் படிச்ச பிள்ளையள். மூடியைத் திறந்தன். முன்னுக்கு ஒரு தோடம்பழத் தோல், உங்கடை ஆரஞ்சு. அதுக்குப் பின்னாலை மிளகு. ஆக அடியிலை மண்ணெண்ணெய். ஆனா நடுவிலை... தம்பி, நடுவிலை யாழ்ப்பாணத்திலை எங்கடை வளவிலை நிண்ட விளாட் மாமரம். பழுத்த பழத்தைக் காம்படியிலை மணந்தா வருமே, அது. எனக்குக் கண் கலங்கிப் போச்சு. என்ன லிங் எண்டு கேட்டாங்கள். ஜஃப்னா மங்கோ எண்டு சொல்லிப்போட்டன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். விளம்பர வேலை செய்யிற ஒரு பெட்டை அதை உடனை எழுதினாள். அடுத்த மாசம் பெட்டியிலை அதுதான் பேர். ஜஃப்னா மங்கோ! மாம்பழப் படமும் போட்டு.

பிறகு என்ன, ஸ்காபரோ முழுக்கக் கொந்தளிச்சுப் போச்சு. எங்கடை மண்ணின்ரை பேரைக் கஞ்சாவுக்கு வைச்சவன் எவன்? எங்கடை ஊர் ஒன்றியம் அவசரக் கூட்டம் வைச்சுது. செயலாளர் பரராசா அண்ணை கண்டனத் தீர்மானம் வாசிச்சார். வழிமொழிய ஆள் வேணும் எண்டார். ஒருத்தரும் கை உயத்தேல்லை. எல்லாரும் என்னையே பாக்கினம். நான் பெரியாள் எண்டபடியால் நான்தான் முன்னுக்கு வரோணும் எண்டு எதிர்பாக்கினம் எண்டு விளங்கீட்டுது. எழும்பி வழிமொழிஞ்சன். அதோடை விட்டனானோ? இளஞ்சமுதாயம் கெட்டுப்போகுது எண்டு நல்ல நீட்டா ஒரு பேச்சும் பேசினன். பின்வரிசையிலை ஒருத்தன் இருமி இருமி வெளியிலை எழும்பிப் போனான்.

மரியாதை எண்டா எனக்கு அங்கை தனி மரியாதைதான். கூட்டத்திலை யன்னலோரக் கதிரை எனக்கு. பக்கத்துக் கதிரையை எப்பவும் வெறுமையா விடுவினம். கோயில்லை சாப்பிட இருந்தாலும் என்ரை ரெண்டு பக்கமும் இடம் விட்டுத்தான் இருப்பினம். நெருக்குப்பட விடமாட்டினம்.

தக்காளி மட்டும் நிப்பாட்டேல்லை. நிப்பாட்டினா கேப்பினமெல்லே, ஏன் கொண்டரேல்லை எண்டு. வழியிலை மரக்கறிச் சந்தையிலை ரெண்டு பெட்டி வாங்கி, ஒவ்வொரு பழத்திலையும் ஒட்டியிருக்கிற சீட்டை நகத்தாலை சுரண்டி எடுத்துப்போட்டுத்தான் கொண்டு போறனான். இப்பவும் கீழை பஸ்சின்ரை வயித்துக்கை கிடக்குது. ஒருக்கா ஒண்டு தப்பிப் போச்சு, மெக்சிக்கோ எண்டு எழுதின சீட்டு. பரராசா அண்ணை அதைக் கண்டிட்டு, பேசாமல் உரிச்சு என்ரை சேட்டுப் பொக்கற்றிலை வைச்சார். வாசிக்கேல்லை, நல்லகாலம். அவருக்குக் கிட்டப்பார்வை பிழை.

பொறுங்கோ, போன். மகள்தான், நிரோ.

ஹலோ... ஓம் பிள்ளை, பஸ்சிலைதான். பாதி வழி தாண்டீட்டம்... ஐயரோ? காலமை வாறாரோ? நல்லது... எங்கை? பரராசா அண்ணை வீட்டையோ? அங்கை ஏன் இறங்கோணும்?... குளிச்சனான் பிள்ளை. வேலை முடிஞ்சு வடிவாக் குளிச்சுப்போட்டுத்தானே வெளிக்கிட்டனான்... உடுப்பு ஏன் மாத்துவான்? இது நீ தீபாவளிக்கு எடுத்துத் தந்த சேட்டு, இண்டைக்குத்தான் போடுறன்... பையையும் அங்கையே வைக்கோணுமோ?... குறை என்னத்துக்கு நினைக்கிறது, நீ விசயத்தைச் சொல்லு... நிரோ? ஹலோ?

வைச்சிட்டாள். அழுறாள் போல கிடக்கு.

பரராசா அண்ணை வீட்டை முதல் இறங்கட்டாம். அங்கை குளிக்கட்டாம். புது உடுப்பு வைச்சிருக்காம், உள்ளுடுப்பு முதற்கொண்டு. நான் கொண்டுவாற ஒண்டும் வீட்டுக்குள்ளை வரப்படாதாம். பரராசா அண்ணைக்கு எல்லாம் சொல்லியிருக்காம். எல்லாம் எண்டா என்ன எல்லாம்?

தம்பி, ஒண்டு கேக்கிறன். பொய் சொல்லப்படாது. உங்கடை தகப்பன் கேக்கிறதா நினைச்சுக்கொண்டு சொல்லுங்கோ. உங்களுக்கு உண்மையாத் தடிமனோ?

...

நான் ஏறின உடனேயே அந்தச் செடி மணந்ததோ?

...

முன்சீட்டு மனுசியும் அதுக்குத்தானோ.

எனக்கு ஒண்டும் மணக்கேல்லையே. இந்தா, கையை மணக்கிறன். சவர்க்காரம் மணக்குது, வேறை ஒண்டும் இல்லை. நீங்கள் மணந்து பாருங்கோ... வேண்டாம், வேண்டாம், விடுங்கோ. உங்கடை முகத்திலை தெரியுது. ஐயோ சிவனே. என்ரை மூக்குக்கு என்ன நடந்தது?

அப்ப அந்தக் கதிரை. கோயில்லை சாப்பிட இருக்கிற இடம். அப்ப நான் எழும்பி வழிமொழிஞ்சன் பாருங்கோ, இளஞ்சமுதாயம் எண்டு, அந்தச் சபையிலை இருந்த அத்தனை பேருக்கும்... அதுதான் ஒருத்தரும் கை உயத்தேல்லை. ஒருத்தராவது ஒரு வார்த்தை கேட்டவையோ? இல்லை. தக்காளி நல்ல தக்காளி சோதியண்ணை எண்டு சொல்லிச் சொல்லி வாங்கினவை. வீட்டிலை மனுசியும். ரெண்டு வருஷமா என்ரை உடுப்பைத் தனியாத் தோய்ச்சவ, நான் அதை மண் ஒட்டியிருக்கும் எண்டு நினைச்சன். என்னட்டைக் கேட்டிருந்தா நான் என்ன, இல்லையெண்டே சொல்லியிருப்பன்? ம்... சொல்லியிருப்பன். இல்லையெண்டுதான் சொல்லியிருப்பன்.

பாவம், கஜீபன். அவனை என்ன பாடெல்லாம் பேசினன் உங்களிட்டை.

இறங்கவும் ஏலாது என்ன? பஸ் இனி டொரொண்டோவிலைதான் நிக்கும். இவ்வளவு சனத்துக்கு நடுவிலை நான் இன்னும் ரெண்டு மணித்தியாலம் இப்பிடியே இருக்கோணும். நீங்கள் அங்காலை திரும்பி இருங்கோ தம்பி, நான் ஒண்டும் நினைக்கமாட்டன். யன்னலைத் திறக்கவும் வழியில்லை, எல்லாம் பூட்டின கண்ணாடி.

திரும்பவும் அவள்தான். எடுக்காமல் விட்டா பயந்திடுவாள்.

ஹலோ பிள்ளை... அழாதை. முதல் அழுகையை நிப்பாட்டு... கஜீபனோடையோ? ஏன் அவனோடை சண்டை பிடிச்சனி? அவன் சரியான ஆள், அவனை ஒண்டும் சொல்லாதை... இல்லை பிள்ளை... இல்லை, நான் சொல்லுறதைக் கேள்... நேரை வீட்டை வரச் சொல்லுறாய், விளங்குது. அப்பிடியே வாங்கோ எண்டுறாய். உன்ரை மனம் எனக்குத் தெரியாதே... பிள்ளை, நான் வழியிலை இறங்கீட்டன். ஓம். நீ முதல் கதைச்சு வைச்ச கையோடை பீட்டர் எடுத்தவன். அவசரமாம், உடனை வரட்டாம். அதாலை இறங்கி மற்றப் பஸ் பிடிச்சிட்டன்... இந்தச் சத்தமோ? இது திரும்பிப் போற பஸ்தான்... தக்காளிக்கு நோயாம்... என்ன நோயோ? இலை சுருண்டு போகுதாம். நான் நிண்டாத்தான் சரிவருமாம்... அடுத்த கிழமை பாப்பம்... அவன் முழிச்சோ இருக்கிறான்? காதுக்குக் கிட்டப் பிடி பாப்பம்... கேக்குது. கேக்குது. சளியெல்லாம் இல்லை, நல்ல தொண்டை அவனுக்கு... சரி, வை. அம்மாட்டையும் சொல்லு.

பாத்தியளே தம்பி, என்ன நோய் எண்டு கேக்கிறாள். அங்கை தக்காளி இல்லை எண்டு அவளுக்கும் தெரியும், இருந்தும் கேக்கிறாள். கவனமாப் போங்கோப்பா எண்டு சொன்னவள்.

நான் செய்தது பிழை எண்டு நினைக்கிறியள். நாளைக்கு அவ்வளவு சபைக்கு நடுவிலை அவளின்ரை பிடிவாதத்திலை என்ரை மடியிலை கொண்டந்து வைப்பாள். எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்ச முகத்தோடை நிப்பினம். அவையள் பெரிய ஆக்கள், பழகீட்டினம். அவன் முப்பத்தொரு நாள் பிள்ளை. அவன் முகத்தைச் சுளிச்சா, நான் எங்கை போய் விழுறது?

உங்கடை போனிலை ஒருக்காப் பாருங்கோ தம்பி, டொரொண்டோவிலையிருந்து திரும்பிப் போற பஸ் இண்டைக்கு எத்தினை மணிக்கு எண்டு.